அக்கா வீட்டுக் கூரையும் கண்ணாடி லாந்தரும்

லண்டனின் வடமேற்குப் புறநகர்களில், குறிப்பாக ஹரோ, வெம்பிளிப் பகுதிகளில், எம்மவர் வாழும் வீடுகளின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானதாக இருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் கட்டப்பட்ட செங்கல் வீடு. அதன் குசினியை ஒட்டினாற்போல் வெள்ளை பிளாஸ்ரிக் சட்டங்களும் கண்ணாடி யன்னல்களும் கொண்ட ஓர் அறை. அதன் கூரை, வெளிச்சம் புகக்கூடிய பொலிகாபனேற் தகடு. ஆங்கிலேயர் இதனைக் கொன்சவேற்றரி என்பர். தோட்டத்தைப் பார்த்தபடி தேநீர் அருந்துவதற்கும் பூஞ்செடிகளைக் குளிரிலிருந்து காப்பதற்குமாக அவர்கள் கண்ட ஏற்பாடு அது. எம்மவர் வீடுகளில் அதன் பயன் வேறு. அரிசி மூடை, மரக்கறிப் பெட்டி, பெரிய சமையற் பாத்திரங்கள், உள்ளே கொண்டுவரப்பட்ட கறிவேப்பிலைச் சாடி ஆகியவை அங்கேதான் குடியிருக்கும். அவற்றுக்கிடையே ஒரு கதிரை. அந்தக் கதிரை பெரும்பாலும் வீட்டின் மூத்தவருக்கு உரியது.

என் அக்கா வீட்டிலும் அப்படித்தான். அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது எண்பதை நெருங்குகிறது. 1991 ஆம் ஆண்டு பிள்ளைகளோடு லண்டனுக்கு வந்துசேர்ந்தவர். அத்தான் அதற்கு முன்பே வந்து, இரவு வேலையும் பகல் வேலையுமாக உழைத்து வீட்டை வாங்கியிருந்தார். 1996 இல் அந்தக் கண்ணாடி அறையைக் கட்டுவித்தவரும் அவரே. "ஊரிலை விறாந்தையிலை இருந்து பேப்பர் வாசிச்ச மனிசி, இஞ்சை குசினிக்குள்ளை இருந்து வாசிக்கக் கூடாது" என்று அவர் அன்று சொன்னதாக அக்கா சொல்வார். அத்தான் காலமாகிப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அக்காவின் கதிரை இடம் மாறவில்லை.

2023 ஆம் ஆண்டு கோடையில் நான் அங்கு சென்று சில மாதங்கள் தங்கியிருந்தேன். அப்போது அந்த வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்காளி என் மருமகன், அதாவது அக்காவின் மூத்த மகன். எதிராளி அக்கா. வழக்கின் பொருள் அந்தக் கூரை.

மருமகனின் பக்கத்தில் நியாயம் இருந்தது. இருபத்தேழு ஆண்டு வெயில் குடித்த பொலிகாபனேற் தகடுகள் மஞ்சளேறிக் கிடந்தன. சூரியனின் புறஊதாக் கதிரைத் தாங்குவதற்கென அத்தகடுகளின் மேற்பரப்பில் இடப்படும் மெல்லிய படை காலப்போக்கில் தேய்ந்துவிடும். பின்னர் தகடு நிறம் மாறி நொய்ந்துபோகும். தகட்டினுள்ளே நீளவாட்டில் ஓடும் குழாய் போன்ற அறைகளின் முனைகளை அடைத்திருந்த நாடா கழன்று, ஈரமும் பாசியும் பூச்சிகளும் உள்ளே குடியேறியிருந்தன. இரண்டு இடங்களில் ஒழுக்கு. மழை பெய்தால் தகரக் கொட்டிலுக்குள் இருப்பது போன்ற இரைச்சல். யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தால் அக்கா எழுந்து குசினிக்குள் போகவேண்டும்.

இவற்றைக் காட்டிலும் பெரிய சிக்கல் வெப்பமும் குளிரும். 2022 ஜூலை 19 ஆம் திகதி இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள கொனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானது. அந்நாட்டு வரலாற்றில் அதுவரை பதிவாகாத வெப்பம் அது. அன்று அக்காவின் அறைக்குள் கால் வைக்க முடியவில்லையாம். அதே ஆண்டு, உக்ரைன் போரையடுத்து எரிவாயுவின் விலை ஏறிய பின்னர் வந்த குளிர்காலத்தில், அந்த அறையைச் சூடாக்குவது காசைக் கூரைவழியே வெளியே எறிவதற்குச் சமமாயிற்று. அக்காவோ கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு அங்கேதான் இருந்தார். டிசம்பரில் மார்புச் சளி கண்டு இரண்டு கிழமை படுக்கையிற் கிடந்தார்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்கோ. அம்மாவைக் காப்பாத்தத்தான் நான் கேக்கிறன்" என்றான் மருமகன். அவனுடைய திட்டம் எளியது. பழைய தகடுகளைக் கழற்றிவிட்டு, உட்புறம் வெப்பக்காப்புப் பலகை வைத்த மூடிய ஓட்டுக் கூரை போடுவது. அறை குளிர்காலத்திலும் சூடாக இருக்கும். செலவும் கட்டுக்குள் நிற்கும்.

அக்கா அதிகம் பேசவில்லை. "மூடினால் இருட்டாப் போகும், தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லின் பின்னால் இருந்த விடயத்தை நான் சில நாட்கள் கழித்தே அறிந்தேன். முதுமை காரணமாக விழித்திரையின் நடுப்பகுதி மெல்லமெல்லத் தேயும் நோய் அக்காவின் இரு கண்களையும் பற்றியிருந்தது. அதன் உலர் வகையில் இழந்த பார்வையை மீட்டுத் தரும் மருந்து இல்லை. வாசிப்பதற்கு நல்ல வெளிச்சமும் பூதக்கண்ணாடியுமே துணை என்று கண் மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். நோயற்ற கண்ணுக்குக்கூட வயது ஏற ஏற வெளிச்சம் கூடுதலாகத் தேவைப்படும். கருவிழியின் துவாரம் சுருங்கி, வில்லை மஞ்சளித்துப் போவதால், அறுபது வயதைக் கடந்தவருக்கு இருபது வயதினரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும் என்பர். மேசைவிளக்கு உண்டு, ஆனால் அதன் ஒளி அக்காவின் கண்ணைக் கூசச்செய்தது. பரந்து விழும் பகல் வெளிச்சத்தில் மட்டுமே அவரால் தலைப்பைத் தாண்டிச் செய்திக்குள் போக முடிந்தது. தேவாரப் புத்தகமும் கடிதங்களும் பத்திரிகையும் அக்கதிரையில் இருக்கும்வரைதான் அவருக்கு எழுத்து. எழுந்து உள்ளே வந்தால் அவை வெறும் தாள்கள். இதனை அவர் மகனிடம் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை கவலைப்படுவான் என்பது காரணம்.

வெளிச்சம் என்பதைப் பற்றி எனக்கும் சிறிது தெரியும். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. நான் அப்போது அங்கே ஒரு பத்திரிகையில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. அச்சுத் தாள் இன்றிப் பள்ளிக்கூடக் கொப்பித் தாள்களில் பத்திரிகைகள் வெளிவந்த காலம் அது. ஒப்பு நோக்கும் பணியை நாங்கள் பகலிலேயே முடித்தாகவேண்டும். எங்கள் அறையின் ஓட்டுக் கூரையில் மூன்று கண்ணாடி ஓடுகள் பதித்திருந்தார்கள். அவற்றினூடே விழும் வெளிச்சத் துண்டு காலையில் மேற்குச் சுவரோரமும் மாலையில் கிழக்குச் சுவரோரமும் நிற்கும். அது நகர நகர நாங்களும் மேசையை நகர்த்துவோம். சுவரில் இருந்த யன்னலால் வந்த வெளிச்சத்தைவிட அந்த மூன்று ஓடுகளும் தந்த வெளிச்சம் வாசிப்புக்கு உகந்ததாக இருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. மேகம் முழுமையாக மூடிய வானத்தில், அடிவானத்தின் பிரகாசத்தைப் போல் உச்சிவானத்தின் பிரகாசம் மூன்று மடங்கு. ஒளியியல் அறிஞர்கள் 1940களிலேயே வகுத்து, கட்டடக் கலைஞர்கள் இன்றும் பயன்படுத்தும் கணக்கு இது. லண்டன் போன்ற மேகம் மிகுந்த நகரத்துக்கு இதன் பொருள் பெரிது. டிசம்பர் 21 ஆம் திகதியளவில் லண்டனில் நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்துக்கே எழும். பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. அதே நாளில் யாழ்ப்பாணத்து நண்பகற் சூரியன் ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கும். தாழ்ந்த சூரியனை அயல்வீட்டு மதில் மறைத்துவிடும் குளிர்காலத்தில், லண்டன் வீடொன்றுக்கு வெளிச்சம் வரும் நம்பிக்கையான வழி தலைக்கு மேலே உள்ள வழிதான்.

ஆக, மகனின் கவலை குளிர். தாயின் கவலை இருள். இரண்டும் மெய்யானவை. இரண்டுக்கும் இடையில் வழி உண்டா என்று தேடியபோது அறிமுகமானதுதான் கூரை லாந்தர்.

எமது பேச்சு வழக்கில் லாந்தர் என்பது கையில் தூக்கிச் செல்லும் கண்ணாடி விளக்கு. கட்டடக் கலையில் அதே சொல், கூரையின் நடுவே உயர்த்திக் கட்டப்படும் கண்ணாடி முகட்டைக் குறிக்கிறது. இரவில் உள்ளே விளக்கு எரியும்போது வெளியே நின்று பார்த்தால், கூரையில் ஒரு விளக்கை ஏற்றி வைத்ததுபோல் தோன்றும். இங்கிலாந்துக்கு இது புதிதன்று. ஈலி நகரப் பேராலயத்தின் நடுக்கோபுரம் 1322 இல் இடிந்து விழுந்த பின்னர், அந்த இடத்தில் எண்கோண வடிவில் மரத்தாலான மாபெரும் லாந்தரை எழுப்பினார்கள். தென் லண்டனில், கட்டடக் கலைஞர் ஜோன் சோன் வடிவமைத்து 1817 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட டல்விச் ஓவியக்கூடம், தன் ஓவியங்களுக்கான வெளிச்சத்தைக் கூரை லாந்தர்களின் வழியாகவே பெறுகிறது. மருமகனை அங்கே அழைத்துச் சென்றேன். சுவரில் யன்னல் இல்லாத கூடத்தில் நிழலோ கூச்சமோ இன்றி ஒரே சீராக விழும் வெளிச்சத்தைப் பார்த்தபடி அவன் நெடுநேரம் நின்றான். அம்மாவின் கண்ணைப் பற்றி நான் அவனிடம் சொன்னதும் அங்கேதான். அவன் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில் தொடருந்தில், "லாந்தர் எவ்வளவு பெரிசாப் போடலாம் மாமா?" என்று மட்டும் கேட்டான்.

கண்ணாடிக் கூரை ஒருகாலத்தில் பிரபுக்களின் சொத்து. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை வீட்டு யன்னல்களுக்கு வரி இருந்தது. கண்ணாடிக்கும் எடைக் கணக்கில் தனி வரி விதித்திருந்தார்கள். 1845 இல் கண்ணாடி வரி நீங்கியது. ஆறே ஆண்டுகளில், தோட்டக்காரராகத் தொழில் தொடங்கிய ஜோசப் பக்ஸ்ரன் 1848 அடி நீளமான பளிங்கு மாளிகையை லண்டன் ஹைட் பூங்காவில் எழுப்பினார். 1980களிலும் 1990களிலும் பிளாஸ்ரிக் சட்டமும் பொலிகாபனேற் தகடும் மலிவாகக் கிடைத்தபோது, அந்தப் பிரபுக்களின் கண்ணாடி மாளிகை நடுத்தர வர்க்கத்தின் பின்வளவுக்கு வந்துசேர்ந்தது. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்த அத்தானுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். அக்காவின் அறை 4 மீற்றருக்கு 3 மீற்றர். கூரையின் பரப்பு 12 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரின் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வெப்ப வேறுபாடு இருக்கையில், எத்தனை வோற் வெப்பம் வெளியேறுகிறது என்பதை ஓர் எண்ணால் குறிப்பிடுவர். எண் குறையக் குறையக் குளிர் தாங்கும். ஒற்றைக் கண்ணாடிக்கு அது 5 இற்கு மேல். பழைய இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 அளவில். உட்புறம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சும், இடைவெளியில் ஆர்கன் வாயுவும் கொண்ட இக்காலக் கண்ணாடிக்கு 1.2 அளவில். தடித்த வெப்பக்காப்புப் பலகை வைத்த தட்டைக் கூரைக்கு 0.2 இற்கும் கீழே. கூரையின் 9 சதுர மீற்றரைத் தட்டைக் கூரையாக மூடி, நடுவில் 3 சதுர மீற்றர் லாந்தர் வைத்தால், முழுக் கூரையையும் புதிய கண்ணாடியால் போடும்போது வெளியேறும் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கைச் சற்று விஞ்சிய அளவே வெளியேறும். கோடையில் 62 பாகை உயரத்தில் நின்று சுடும் சூரியனுக்கும் கூரையின் காற்பங்கே திறந்திருக்கும். உச்சிவானமோ கதிரைக்கு நேர் மேலே.

விலை கேட்கத் தொடங்கியபோது முதலில் வந்த நிறுவனத்தின் முகவர் ஒருவர், பழைய சட்டங்களின் மேலேயே புதிய கூரையை ஏற்றிவிடலாம், எவருடைய அனுமதியும் தேவையில்லை என்று உறுதி கூறினார். அது சரியன்று. 30 சதுர மீற்றருக்கு உட்பட்டு, வீட்டிலிருந்து கதவால் பிரிக்கப்பட்ட கண்ணாடி அறைக்கு இங்கிலாந்தின் கட்டட விதிகளில் விலக்கு உண்டு. அதன் ஒளிபுகும் கூரையை மூடிய கூரையாக மாற்றும்போது, அந்த வேலைக்குக் கட்டட விதிகளின் கீழ் அங்கீகாரம் பெறவேண்டும். பாரம் குறைந்த தகட்டைத் தாங்கவென வந்த பிளாஸ்ரிக் சட்டம் மரமும் பலகையும் கண்ணாடியும் சேர்ந்த பாரத்தைத் தானாகத் தாங்காது. அத்திவாரமும் தாங்கவேண்டும். இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வீட்டை விற்கும் நாளில் வழக்கறிஞர் கேள்வி எழுப்புவார். வாசகர்களில் எவரேனும் இத்தகைய வேலையில் இறங்க எண்ணியிருந்தால் இந்த ஒரு விடயத்தையாவது நினைவில் வைத்திருப்பது நன்று.

அத்திவாரத்தின் கதையை இங்கே சொல்லவேண்டும். ஹரோப் பகுதியின் நிலம் லண்டன் களிமண். கோடையில் காய்ந்து சுருங்கும். மாரியில் நீர் குடித்து வீங்கும். அத்தகைய நிலத்தில் ஆழமற்ற அத்திவாரம் ஆண்டுக்காண்டு அசையும். அக்காலத்துக் கண்ணாடி அறைகள் பல, சீமெந்துத் தட்டொன்றின் மேல் நிறுத்தப்பட்டவை. எனவே கட்டடப் பரிசோதகர் சுவரோரம் குழியொன்று தோண்டிப் பார்க்கச் சொன்னார். ஆழம் போதாவிட்டால் அறை முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டவேண்டும். அவ்வளவு பணம் வீட்டில் இல்லை.

அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். "உங்கடை அத்தான் கிணறு வெட்டுற மாதிரியெல்லே வெட்டுவிச்சவர். பக்கத்து வீட்டுக்காரர் பாத்துச் சிரிச்சவை" என்றார். தோண்டினார்கள். ஒரு மீற்றருக்கும் கீழே கொங்கிறீற் இருந்தது. பரிசோதகர் அளவுகோலை இறக்கிப் பார்த்து, குறித்துக்கொண்டு, போதும் என்று தலையசைத்தார். கல்வீடு கட்டும் ஊரிலிருந்து வந்த மனிதர், ஒரு பிளாஸ்ரிக் அறைக்கும் கல்வீட்டு அத்திவாரமே போட்டிருந்தார். மருமகன் அந்தக் குழியின் விளிம்பில் குந்தியிருந்தான். எழுந்து வந்தபோது அவன் கண்கள் கலங்கியிருந்ததை நான் கவனித்தேன்.

வேலை செப்ரெம்பர் இறுதியில் தொடங்கி இரண்டு கிழமைகளில் முடிந்தது. போலந்து நாட்டுத் தச்சர் ஒருவரும் மட்டக்களப்பு இளைஞர் ஒருவரும் செய்தார்கள். பழைய தகடுகளைக் கழற்றினார்கள். மூலைகளில் இரும்புத் தூண்களை நிறுத்தி, மேலே வளை இட்டு, அதன்மேல் மரங்களை அடுக்கினார்கள். பலகை, வெப்பக்காப்பு, நீர் புகாத இறப்பர் விரிப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. தட்டைக் கூரை என்பது பெயருக்குத்தான். நீர் பீலிக்கு ஓடிச்செல்லும்படி மெல்லிய சரிவு வைத்தார்கள். நடுவில் விட்ட துவாரத்தைச் சுற்றி, கூரை மட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு மரவரம்பு கட்டினார்கள். தேங்கும் நீரும் பனியும் லாந்தரின் அடியை எட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

அந்த வரம்பின் மூலைக்கு மூலை நாடா பிடித்து அளந்த தச்சர், இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை லாந்தரை ஏற்ற மறுத்துவிட்டார். ஊரில் எங்கள் தச்சர்களும் கதவுநிலைக்கு அப்படித்தான் அளப்பார்கள். பின்னர் அலுமினிய முகட்டு வளையும் கைமரங்களும் ஏறின. கடைசியாகக் கண்ணாடி. தலைக்கு மேலே வரும் கண்ணாடி என்பதால், வெளித்தகடு வன்மையூட்டப்பட்டது. உள்தகடு, உடைந்தாலும் துண்டுகள் கீழே கொட்டாதபடி நடுவே மென்படலம் வைத்து ஒட்டப்பட்டது.

அக்கா அந்த இரண்டு கிழமையும் குசினியில் இருந்தார். பத்திரிகையை மடித்து மடியில் வைத்திருந்தார்; வாசிக்கவில்லை. வேலை முடிந்து கதிரை திரும்பிய காலை, வானம் சாம்பல் நிறத்தில் மூடியிருந்தது. அவர் அமர்ந்து, மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, பத்திரிகையை விரித்தார். ஓரங்கள் முன்னரைவிடச் சற்று இருண்டிருந்தன. கதிரை இருந்த இடத்தில் எழுத்து தெரிந்தது. மரண அறிவித்தல் பக்கத்தை முழுமையாக வாசித்து முடித்து, "எங்கடை பள்ளிக்கூடத்து ஆள் ஒருத்தர் போயிட்டார்" என்றார்.

எல்லாம் இலாபம் என்று சொல்வதற்கில்லை. கதிரையில் சாய்ந்தால் முழு வானமும் தெரிந்த காலம் போய்விட்டது. ஒரு நாள் மாலை அக்கா ஈரமான தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "மழை பெய்ததே தெரியேல்லை, தம்பி" என்றார். அந்த இரைச்சலைக் குறைசொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான். அதை இழந்ததைக் கவனித்தவரும் அவரே.

நாட்டிலிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் புதிதாக எழும் வீடுகளில் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து முழுக் கண்ணாடிக் கூரை போடும் வழக்கம் தலைகாட்டுகிறது. எமது வானத்தில் சூரியன் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஆண்டு முழுவதும் தாழ்வதே இல்லை. அங்கே கண்ணாடிக் கூரை அடுப்பாகிவிடும். எமது முன்னோர் நாற்சார் வீட்டின் நடுவே முற்றத்தைத் திறந்துவிட்டு, வெளிச்சத்தை உள்ளே எடுத்து, சூட்டை மேலே போகவிட்டார்கள். ஜெப்ரி பாவா கொழும்பிலே 1960களின் தொடக்கத்தில் கட்டிய ஈனா டி சில்வா வீட்டில் அந்த நடுமுற்றத்தைத்தான் நவீன நகர வீட்டுக்குள் மீண்டும் கொண்டுவந்தார். ஹரோவுக்கு லாந்தர், யாழ்ப்பாணத்துக்கு முற்றம். இரண்டு இடத்திலும் வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது.

நவம்பரில் நான் கொழும்பு திரும்பினேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அக்கா அக்கதிரையிலேயே இருந்தார், சளி பிடிக்கவில்லை. அவருடைய கண்ணின் நிலை மெல்லத் தாழ்ந்துகொண்டுதான் வருகிறது. அதனைக் கூரை எதுவும் நிறுத்தாது. பெரிய எழுத்துத் தலைப்புகளையும் மரண அறிவித்தல்களையும் இப்போதும் தானே வாசிக்கிறார். மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகன் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டு வாசித்துக் காட்டுகிறான். அவனுடைய தமிழ் வாசிப்பு தடக்கித் தடக்கித்தான் போகிறதாம். அக்கா திருத்துகிறார். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவர், தன் பிள்ளைக்கு அதனைச் சொல்லிக்கொடுக்க லண்டனில் நேரம் கிடைக்கவில்லை என்று ஒருகாலத்தில் வருந்தியவர்.